மூணு லட்ச ரூபாய்க் கொக்கு

கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஊசுட்டேரிக் கரையில் நிற்கிறவனிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "இதுல எம்மாந்தூரம் சார் தெரியும்?" என்பதுதான். எருமை ஓட்டிப் போகிறவர், பால்காரர், சேதராப்பட்டு கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகும் பையன்கள், சர்க்கரையைக் குறைக்க நடக்கிற ஓய்வுபெற்ற அதிகாரி என்று யாரும் இதற்கு விலக்கில்லை. "நிலா வரைக்கும் தெரியும், மூணு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டர்" என்று ஒருநாள் பத்துக்கண்ணு டீக்கடையில் அளந்துவிட்டேன். "அது சும்மாவே தெரியுதே சார்" என்றார் டீ மாஸ்டர், ஆற்றிக்கொண்டிருந்த டீயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாவது கேள்வி, "இன்னா வெல?" இதற்கு உண்மையான பதிலைச் சொன்ன பைனாகுலர்க்காரன் புதுச்சேரியிலும் இல்லை, பாரீஸிலும் இல்லை. வீட்டில் கேட்டால் விலை பாதியாகும். அதே ஆசையுள்ள நண்பன் கேட்டால் ஒன்றரை மடங்காகும். கடன் கேட்க வாய்ப்புள்ளவர் கேட்டால், "ஒருத்தர் குடுத்தாருங்க" ஆகிவிடும்.

ஊசுட்டேரி புதுவை வட்டாரத்து ஏரிகளிலேயே பெரியது. சுமார் 800 ஹெக்டேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு புதுச்சேரிக்கு, மீதி தமிழ்நாட்டுக்கு. 2008-இல் புதுச்சேரி அரசு தன் பங்கைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சில வருஷம் கழித்துத் தமிழ்நாடும் தன் பங்கை அறிவித்தது. ஆகவே ஒரு நாமக்கோழி காலையில் தமிழ்நாட்டில் மேய்ந்துவிட்டு, மத்தியானம் எந்தச் சோதனைச் சாவடியும் இல்லாமல் புதுச்சேரிக்கு நீந்தி வரலாம். நம் ஜனங்கள் அதே எல்லையை வேறு காரணத்துக்காகத் தாண்டுகிறார்கள், திரும்பும்போதுதான் சோதனை.

ஏரி பெரிதாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. பறவைகள் நடுவில் இருக்கும், நாம் கரையில் இருப்போம். அதனால்தான் இந்தக் கருவி. 8×42 என்று பொறித்திருந்தால், எட்டு மடங்கு கிட்டத்தில் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். 800 மீட்டருக்கு அப்பால் நிற்கும் கொக்கு 100 மீட்டரில் நிற்கிற அளவுக்குத் தெரியும். பத்தாயிரம் ரூபாய்க்கும் அதே எட்டு மடங்குதான், மூணு லட்சத்துக்கும் அதே எட்டு மடங்குதான். காசு கூடக் கூடக் கொக்கு ஒரு அடிகூட நெருங்கி வருவதில்லை. இதை என் மச்சானிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பாகூரில் பிறந்து, பாரீஸில் குடியேறி, வருஷா வருஷம் மார்கழி கடைசியில் வந்து இறங்குகிறவர். போன தடவை பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்தது சென்ட்டும் சாக்லேட்டும் இல்லை, ஒரு ஸ்வரோவ்ஸ்கி என்.எல். ப்யூர் 8×42. ஆஸ்திரியாவில் டைரோல் மலைநாட்டில் ஆப்ஸாம் என்ற ஊரில் செய்வது. கம்பெனி 1949-இல் தொடங்கியது. இந்த மாடல் 2020-இல் வந்தது. விலை ரூபாய்க் கணக்கில் மூன்று லட்சத்தை ஒட்டி. "ஸ்வரோவ்ஸ்கின்னா தோடு, நெக்லஸ்ல வைக்கிற கல்லுதானே அண்ணே?" என்று என் மனைவி ஆசையாகக் கேட்டாள். அது அந்தக் குடும்பத்தின் இன்னொரு கம்பெனி என்று தெரிந்ததும் பெட்டியை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என்னிடம் இருப்பது பத்தாயிரத்துச் சொச்சத்தில் வாங்கிய 8×40. மகன் தன் பங்குக்கு இணையத்தில் ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். ரத்தச் சிவப்பில் மின்னும் கண்ணாடி, மேலே மிலிட்டரி பச்சை, பெட்டியில் "1000 மடங்கு ஜூம்" என்று கொட்டை எழுத்து, கருவியின் மேல் வெட்கப்பட்டுக்கொண்டு பொடி எழுத்தில் 8×21. நாலாவது, மனைவியின் தாத்தாவுடையது. அவர் பிரெஞ்சுப் படையில் இந்தோசீனா வரை போய்வந்த சொல்தா. பென்ஷன், மெடல், தோல் உறைக்குள் ஒரு பைனாகுலர் ஆகிய மூன்றையும் அவர் கடைசி வரை யாரிடமும் கொடுத்ததில்லை. முதலாவது அவரோடு போனது. மூன்றாவது பாகூர் வீட்டு இரும்பு பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது.

பொங்கல் லீவில் நாலையும் ஒரே மேடையில் ஏற்றிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015-இலிருந்து பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அந்தச் சாக்கில் மாட்டுப்பொங்கல் அன்று விடியற்காலை வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு கௌரவமான காரணம் கிடைத்தது. மாட்டைக் குளிப்பாட்டும் வேலையிலிருந்து மச்சானுக்கும் விடுதலை.

முதல் பரீட்சை டீக்கடை வாசலில். பைனாகுலரைக் கண்ணில் வைக்காமல், கையை நீட்டி, வெளிச்சமான வானத்துக்கு எதிரே பிடித்தால், நாம் கண் வைக்கும் கண்ணாடியில் சின்ன வெள்ளை வட்டம் தெரியும். உள்ளே நுழைந்த வெளிச்சம் வெளியே வருகிற வாசல் அது. 42-ஐ எட்டால் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர், அதுதான் வட்டத்தின் அகலம். உள்ளே இருக்கும் பிரிசம் நல்ல ரகக் கண்ணாடியில் இருந்தால் வட்டம் முழுசாக இருக்கும். அந்தக் கண்ணாடிக்குப் பெயர் பாக்4. சல்லிசான பி.கே.7 என்றால் நாலு ஓரமும் வெட்டுப்பட்டுச் சாம்பல் நிறத்தில் சதுரமாகும். மச்சானுடையதில் அப்பழுக்கில்லாத வட்டம். என்னுடையதிலும் வட்டம்தான், விளிம்பில் மட்டும் லேசாக ஒரு மங்கல். மகனுடையதை மாஸ்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது இன்னா தம்பி, காஜூ கத்லி மாதிரி இருக்குது?" என்றார். பெட்டியில் போட்டபடி அது உண்மையிலேயே ஆயிரம் மடங்கு காட்டினால் அந்த வட்டத்தின் அகலம் 0.021 மில்லிமீட்டர் ஆகும். அந்த ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கத் தவம் செய்திருக்க வேண்டும்.

அந்தச் சிவப்புக் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்காரர்கள் அதை ஏதோ ராணுவ ரகசியம் மாதிரி விற்கிறார்கள். சிவப்பாக மின்னுகிறது என்றால் சிவப்பு வெளிச்சத்தை வெளியே திருப்பி அனுப்புகிறது என்று பொருள். நம் கண்ணுக்கு வந்து சேருவது மிச்ச நிறங்கள். அதன் வழியே பார்த்தால் செம்பருந்து கொஞ்சம் பச்சை நோயில் விழுந்த பருந்தாகத் தெரியும். இன்னொரு குறையும் அதில் உண்டு. இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்ப்பதில்லை. இடது கண் தமிழ்நாட்டையும் வலது கண் புதுச்சேரியையும் பார்க்கும். மூளை நடுவில் உட்கார்ந்து எல்லைத் தகராறு தீர்க்கும். ஐந்து நிமிஷத்தில் தலைவலி. மகன் அதற்குள் எழுபத்திரண்டு கூழைக்கடா எண்ணிவிட்டான். முப்பத்தாறு என்று குறித்துக்கொண்டோம்.

சூரியன் இன்னும் மேலே வராத அந்த நேரத்தில்தான் மூணு லட்சம் பேச ஆரம்பித்தது. இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பூச்சு இல்லாத வெறும் கண்ணாடியின் ஒவ்வொரு முகத்திலும் ஏறக்குறைய நாலு சதவீத வெளிச்சம் திரும்பிப் போய்விடும். ஒரு குழாய்க்குள் ஐந்து கண்ணாடித் துண்டு இருந்தால் பத்து முகம். மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே காணாமல் போகும். இதைத் தடுக்கும் மெல்லிய பூச்சை 1935-இல் ஜெர்மனியில் ஸைஸ் கம்பெனியில் இருந்த அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்தார். ஜெர்மன் ராணுவம் அதைச் சில வருஷம் ரகசியமாக வைத்துக்கொண்டது. தாத்தாவின் கருவிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அதில் பார்த்தால் விடியற்காலை இன்னும் நடுராத்திரியாகவே இருந்தது. போதாக்குறைக்கு, புதுவை ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்து வேர்விட்டிருந்தது. ஏரியின் மேல் எப்போதும் ஒரு கருவேல மரம் நிற்கிற மாதிரி காட்சி.

என்னுடையதில் கோரைப்புல் ஓரத்தில் கறுப்பாக நாலு உருவம் தெரிந்தது. வளைந்த மூக்கு, அரிவாள் மூக்கன் சாதி, அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மச்சான் பெருந்தன்மையோடு தன்னுடையதை நீட்டினார். பட்டை மட்டும் அவர் கழுத்திலேயே இருந்ததால் நான் அவர் தோளில் சாய்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. வழியில் போன இரண்டு பேர் எங்கள் குடும்பப் பாசத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள். ஆனால் கண்ணாடிக்குள் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும். கறுப்பு இல்லை. கழுத்தில் செம்மரப் பழுப்பு, இறக்கையில் பச்சையும் ஊதாவும் கலந்து, பறவை திரும்பத் திரும்ப நிறம் ஓடியது. அன்றில். அந்த அரை வெளிச்சத்தில் ஒரு பறவை கறுப்பிலிருந்து வெண்கலமாக மாறுவதைப் பார்த்தபோது, மச்சான் மேல் இருந்த பொறாமை கொஞ்ச நேரம் மரியாதையாக இருந்தது.

அடுத்தது சேற்றில் ஓடிக்கொண்டிருந்த பொடிசுகள். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு; அதன் பங்காளி டெம்மிங்க் கொசு உள்ளானுக்குக் கால் வெளிர் மஞ்சள். கணக்கெடுப்பில் இது பெரிய வழக்கு. என்னுடையதில் கால் இருப்பது தெரிந்தது. மச்சானுடையதில் கால் மஞ்சள் என்பது தெரிந்தது. மகனுடையதில் உள்ளான் இருப்பதே தெரியவில்லை. அவன் அதற்குள் கரைக்கு அந்தப் பக்கம் ஓடும் பஸ்ஸின் போர்டைப் படிக்க முயன்றுகொண்டிருந்தான்.

பத்தாயிரம் ரூபாயில் வாங்க நினைக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு யோசனை. கடையில் இரண்டு உருவம் இருக்கும். ஒன்று தோள் அகன்ற பழைய ரகம். 1854-இல் இத்தாலிக்காரர் இக்னாசியோ போரோ காப்புரிமை வாங்கிய பிரிசம் அதற்குள் இருக்கும். 1894-இல் ஸைஸ் அதை நல்ல முறையில் செய்து விற்க ஆரம்பித்தது. இன்னொன்று நேர் குழாயாக, ஸ்டைலாக இருப்பது. நேர் குழாய்க்குள் இருப்பது கூரை வடிவப் பிரிசம். அதற்குள் போகும் வெளிச்சம் இரண்டாகப் பிரிந்து திரும்பச் சேரும்போது, கல்யாண ஊர்வலத்தில் தாளம் பிசகிய இரண்டு தவில் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாது. படம் கொழகொழவென்று ஆகும். அதைச் சரிசெய்யும் பூச்சை ஸைஸ் 1988-இல்தான் கொண்டு வந்தது. அந்தப் பூச்சுக்கும், உள்ளே கண்ணாடிபோலப் பளபளக்க வேண்டிய இன்னொரு பூச்சுக்கும் காசு செலவாகும். போரோவுக்கு இரண்டுமே தேவையில்லை. அதனால் குறைந்த காசில் அழகு பார்க்காமல் தோள் அகன்றதை வாங்குவதே புத்தி. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகும் இடத்தில் இந்தப் புத்தியை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது வேறு விஷயம்.

வெயில் ஏறியது. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த கொக்கை மூன்றிலும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். மகனுடையதில் கொக்குக்கு ஒரு பக்கம் ஊதா ஜரிகை, மறு பக்கம் பச்சை ஜரிகை. ஒவ்வொரு நிறமும் கண்ணாடியில் ஒவ்வொரு அளவு வளைவதால் வருகிற வினை. என்னுடையதில் நடுவில் வெள்ளைக் கொக்கு, ஓரத்துக்குத் தள்ளினால் மெல்ல ஊதா. மச்சானுடையதில் ஓரம் வரை வெள்ளை வெள்ளையாகவே இருந்தது; கடைசி ஓரத்தில் நூலளவு நிறம் இருந்ததை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது அவர், "வெயில்ல ஒனக்குக் கண்ணு கூசுது மாப்ள" என்று பேச்சை மாற்றினார். பரப்பளவிலும் அவருடையதுதான் மேல். ஆயிரம் மீட்டர் தூரத்தில் 159 மீட்டர் அகலம் காட்டும். என்னுடையது 140-ஐ ஒட்டி. ஒரு கூட்டம் கிளம்பிப் பறக்கும்போது அவர் கடைசிப் பறவை வரை எண்ணுவார். நான் முக்கால்வாசியை எண்ணிவிட்டு மீதியை நம்பிக்கையில் விட்டுவிடுவேன்.

பத்து மணிக்கு மேல் ஊசுட்டேரி எல்லாரையும் சமமாக்கிவிட்டது. தண்ணீர் மேல் கானல் எழும்ப, தூரத்துப் பறவைகள் எல்லாம் கொதிக்கும் எண்ணெயில் போட்டதுபோல் ஆடத் தொடங்கின. காற்று நெளிந்தால் ஆஸ்திரியா ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு அநியாயமும் உண்டு. நடுப்பகலில் நம் கண்மணி இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். 5.25 மில்லிமீட்டர் வாசலில் வருகிற வெளிச்சத்தில் பெரும்பகுதி கண்ணுக்குள் போகாமல் கண்ணுக்கு வெளியிலேயே வீணாகும். வயசு ஏறினால் இருட்டிலும் கண்மணி சின்ன வயசு மாதிரி விரியாது. ஆக, இந்த ரகக் கருவியால் முழுப் பலன் பெறக்கூடியவன் இருபது வயசுப் பையன். வாங்கும் வசதி வருவதோ ஐம்பத்தைந்தில்.

மச்சான் இதைக் கேட்டும் அசரவில்லை. அடுத்த தடவை இதைவிட உசத்தியாக ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார். 2024-இல் அதே கம்பெனி விட்டிருக்கும் ஏ.எக்ஸ். விசியோ. பறவையைக் குறிவைத்து ஒரு பட்டனை அமுக்கினால் உள்ளே அதன் பெயரை எழுதிக் காட்டுமாம். நாலு லட்சத்துக்கு மேல். டீ மாஸ்டர் காலி டம்ளர்களை எடுக்க வந்தவர் நின்று கேட்டார். "பேர் சொல்ல ஒரு புள்ள வேணும்னு எங்க ஆத்தா கோயில் கோயிலா சுத்திச்சு. இப்ப அதுக்கும் மிஷினு வந்துட்டுதா?" என்றார்.

விலை உயர்ந்த பொருளின் உண்மையான கஷ்டம் அன்று மத்தியானம் பாகூரில் தெரிந்தது. பாகூர் ஏரிக்கரைக்குப் போனோம். பங்காரு வாய்க்காலில் வந்த தண்ணீர் நிறைந்து கிடந்தது, சுற்றிலும் பச்சை வயல், சங்குவளை நாரைகள் கூட்டமாக நின்றன. மச்சான் ஒன்றையும் பார்க்கவில்லை. சொந்த ஊரில் வந்து நின்றதும் சித்தப்பா மகன்கள், அத்தை பேரன்கள், கூடப் படித்தவர்கள் என்று கரை நிறைந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒரு பையன் பஜ்ஜி தின்ற கையோடு லென்ஸைத் தடவினான். பெரியவர் ஒருவர் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, கொக்கு எறும்பாட்டம் தெரியுது, இதுக்கா மூணு லட்சம்?" என்றார். மச்சானின் கண் நாரையின் மேல் இல்லை; கை மாறிக் கை மாறிப் போகும் கருவியின் மேல்தான் இருந்தது. என்னுடையதை இரண்டு பிள்ளைகள் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடியதைக்கூட நான் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் நிம்மதியாக நாரை பார்த்தவன் பத்தாயிரம்காரன் ஒருவன்தான், அதுவும் வெறுங்கண்ணால்.

ராத்திரி என் மாமியார், மருமகன் பொருள், மகன் பொருள் என்று பார்க்காமல் இரண்டையும் எடுத்து அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டார். ஈரம் இழுக்குமாம். தாத்தாவுடையதுக்கு நேர்ந்த கதி இதற்கும் வரக்கூடாது என்ற நல்ல எண்ணம். மச்சானுடையதில் உள்ளே நைட்ரஜன் அடைத்துச் சீல் வைத்திருக்கிறது, ஈரமும் போகாது, பூஞ்சையும் வராது என்று அவர் விளக்க, "எந்த வாயு வேணா இருக்கட்டும், அரிசியும் இருக்கட்டும்" என்று மூடியை அழுத்தி மூடினார். மறுநாள் காலை மச்சான் கையில் தூரிகையோடு உட்கார்ந்து தவிடு தட்டிக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் மனைவி கணக்கு நோட்டை எடுத்தாள். அவள் வட்டிக்கணக்கில் புலி. "அண்ணனோடதுல எவ்ளோ வெளிச்சம் வருது?" என்றாள். கம்பெனி சொல்வது 91 சதவீதம். "உங்களோடதுல?" எண்பதுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் அதிர்ஷ்டம் என்றேன். "சரி, பத்து பர்சென்ட்டுன்னு வெச்சுக்குவோம். ரெண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் வித்தியாசம். ஒரு பர்சென்ட்டுக்கு இருபத்தொம்பதாயிரம்." பேனாவை மூடினாள். "நகைக்கடைக்காரன் செய்கூலி, சேதாரம்னு அடிக்கிறப்ப இனிமே நான் வாயே தொறக்க மாட்டேன்."

அன்றில் கழுத்தின் நிறத்தை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று நான் கேட்கவில்லை. நோட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

வைகாசியில் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர் வந்தது. துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வந்து வடம் பிடிப்பது இந்தத் தேரின் வழக்கம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் கவர்னர் வந்து பிடித்ததன் தொடர்ச்சி. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தேர் முழுசாகத் தெரியும், முகம் மட்டும் தெரியாது. மனைவி முதல் தடவையாக என் பைனாகுலரைக் கேட்டு வாங்கினாள். நடுக் குமிழைத் திருப்பினாள், வலது கண் குமிழையும் தானே கண்டுபிடித்துச் சரிசெய்தாள். நல்ல வெயில், கண்மணி சுருங்கியிருக்கும் நேரம், பத்தாயிரத்துக்கும் மூணு லட்சத்துக்கும் பேதம் தெரியாத முகூர்த்தம். ஆளுநர் வடத்தைத் தொட்டாரா, முதல்வர் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று கீழே நின்ற என்னிடம் நேர்முக வர்ணனை வந்துகொண்டிருந்தது. திடீரென்று வர்ணனை நின்றது.

"ஏங்க, எதிர்வீட்டம்மா கட்டியிருக்கிறது காஞ்சிபுரம்னாங்களே?"

"ஆமாம்."

"ஜரிக அசல் இல்ல. ஓரத்துல சிவந்து நிக்குது."

ஓரத்தில் நிறம் தெரிவது லென்ஸின் குறையாகவும் இருக்கலாம், புடவையை நடுவில் வைத்துப் பார் என்றேன். நடுவில் வைத்துப் பார்த்தாள். பிறகு அந்தம்மாவின் சம்பந்தி, சம்பந்தியின் வளையல், பந்தல் நிழலில் இருந்த கடைசி வரிசை என்று ஒவ்வொன்றாக நடுவில் வைத்துப் பார்த்தாள். தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகும் கருவி கீழே வரவில்லை. இப்போது அது மாடிப்படி ஆணியில் தொங்குகிறது. ஏரிக்குப் போக வேண்டுமானால் முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். முகூர்த்த நாளாக இருந்தால் அதுவும் நடக்காது.